பழைய பெரிய டிராக்டர் வாங்கும்போது எஞ்சினோடு நின்றுவிடாதீர்கள்

பழைய டிராக்டர் ஒன்றைப் பிரித்து மாட்டி மறுபடி ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள், நூறு குதிரைத்திறன் வண்டியைக் கண்டால் நிதானம் இழப்பது இயல்பு. ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் உயிர்பெறும் சத்தம் அப்படி ஆளை இழுக்கும். ஸ்டார்ட் ஆகிறதா, புகை என்ன நிறம், ஆயில் ஒழுகுகிறதா என்று முன்பக்கத்தையே சுற்றிவந்து பேரம் முடித்துவிடுவார்கள். ஆனால் பெரிய வண்டிகளில் பணமும் மாதங்களும் கரைவது பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலும் அதற்குப் பின்னாலும்தான்.

இதற்குக் காரணம் அந்த வண்டிகள் பிறந்த காலத்திலேயே இருக்கிறது. 1950களின் இறுதியில் தொடங்கி 60கள் முழுக்க அமெரிக்க டிராக்டர் கம்பெனிகள் குதிரைத்திறனை ஏற்றுவதில் போட்டி போட்டன. எஞ்சின் வேகமாக வளர்ந்தது. கியர்பாக்ஸும் பின் அச்சும் அந்த வேகத்துக்கு வளரவில்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1958இல் கொண்டுவந்த ஃபார்மால் 560இன் பின்பகுதி, 1939இல் வந்த ஃபார்மால் எம் வண்டியின் வடிவமைப்பை ஒட்டியது. புதிய ஆறு சிலிண்டர் எஞ்சினின் இழுவையை அது தாங்கவில்லை. வயலில் வண்டிகள் நிற்கத் தொடங்கவே, 1959இல் கம்பெனி அவற்றைத் திரும்ப அழைத்துப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. ஜான் டியர் 8010இன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 215 குதிரைத்திறன் டெட்ராய்ட் எஞ்சின் பொருத்திய அந்த ராட்சத வண்டியின் கியர்பாக்ஸ் ஈடுகொடுக்காததால், விற்றவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்று, வேறு கியர்பாக்ஸ் வைத்து 8020 என்று அனுப்பினார்கள்.

இவை கம்பெனியே முன்வந்து திருத்தியவை. அந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில், அரை நூற்றாண்டு உழவில் தேய்ந்த கிளட்ச் பேக்கும் (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) பல்சக்கரமும் யாரும் திறந்து பார்க்காமலே நம் கைக்கு வருகின்றன.

அதனால் முதல் தவறு, வண்டியைச் சுமை வைத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்குவது. களத்து மேட்டில் முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுவதை ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏதாவது ஒரு கலப்பையை மாட்டுங்கள், இல்லையென்றால் மேடு ஏறுங்கள். எல்லா கியரிலும், ரிவர்ஸ் உட்பட, சுமையோடு கொஞ்ச தூரம் போங்கள். கியர் தானாக வெளியே குதிக்கிறதா, பின் அச்சில் ஒரே சீராக உறுமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓடும்போதே வேகம் மாற்றும் வசதி அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயரில் வந்தது. இன்டர்நேஷனலில் டார்க் ஆம்ப்ளிஃபையர், மாசி ஃபெர்குசனில் மல்டி பவர், ஜான் டியர் 4020இல் பவர் ஷிஃப்ட். சரிபார்க்க வேண்டியவற்றில் முதல் இடம் இவற்றுக்குத்தான். மேடு ஏறும்போது டார்க் ஆம்ப்ளிஃபையர் லீவரை இழுத்தால், வண்டி சட்டென்று வேகம் குறைந்து அழுத்தமாக ஏற வேண்டும். எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி தயங்கினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிறு வண்டியில் அது ஒரு வார இறுதி வேலையாக இருக்கலாம். நான்கைந்து டன் வண்டியில் அப்படி இல்லை.

டார்க் ஆம்ப்ளிஃபையரிலும் மல்டி பவரிலும் குறைந்த வேக நிலையில் எஞ்சின் பிரேக் கிடைக்காது, வண்டி இறக்கத்தில் தன்போக்கில் உருளும். ஓட்டிப் பார்க்க ஏறும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியின் பிரேக்கை நம்பி அந்த நிலையில் மேட்டிலிருந்து இறங்கவே கூடாது.

ஹைட்ராலிக்கை ஆயில் ஆறியிருக்கும்போதே சோதித்து முடிப்பது அடுத்த தவறு. கெட்டியான ஆயிலில் தேய்ந்த பம்பும் நன்றாகத் தூக்கும். 4020 போன்ற ஜான் டியர்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்னால் இருக்கும் ஒரே பம்ப்தான் ஸ்டியரிங், பிரேக், லிஃப்ட் மூன்றுக்கும் அழுத்தம் தருகிறது. அரைமணி நேரம் உழைக்கவிட்டு, ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு லிஃப்டைத் தூக்கியபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஸ்டியரிங் கல்லாக இறுகினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அது பம்பிலா, வால்விலா என்பது பிரித்தால்தான் தெரியும்.

எஞ்சினைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டிய விதமே வேறு. நீங்கள் போவதற்குள் எஞ்சின் ஓடிச் சூடாகியிருந்தால் சோதனை பாதி வீண். போனவுடன் எஞ்சின் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின், ஈதர் ஸ்ப்ரே (எளிதில் தீப்பற்றும், ஸ்டார்ட் செய்ய உதவும் திரவம்) இல்லாமல் கிளம்ப வேண்டும். கிளப்பும் முன் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் ட்ரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தச் சொல்லுங்கள். ஓடாமல் நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் வெளியே வரும். வெட் லைனர் எஞ்சின்களில் (சிலிண்டராகச் செருகிய குழாயைக் கூலன்ட் நேரடியாகத் தொடும் வகை) லைனர் சீல் போயிருந்தாலோ, கூலன்ட் பக்கம் லைனர் அரித்து ஓட்டை விழுந்திருந்தாலோ இப்படித்தான் தெரியவரும். சூடான பிறகு ஆயில் அழுத்தத்தையும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை எவ்வளவு வேகமாக மேலே அடிக்கிறது என்பதையும் பாருங்கள்.

டீசல் அளவை யாரும் மாற்றாதிருக்க டீசல் பம்பில் கம்பெனி வைத்த முத்திரை உடைந்திருக்கிறதா என்பதும் முக்கியம். இழுவைப் போட்டிக்காகவோ வெறும் ஆசைக்காகவோ டீசல் அளவைக் கூட்டிவிட்ட வண்டிகள் நிறைய உண்டு. டர்போ இல்லாமல் வந்த எஞ்சினுக்குப் பின்னாளில் டர்போ பூட்டியிருப்பார்கள். அது பறக்கும், விற்பவரும் பெருமையாகச் சொல்வார். அந்தக் கூடுதல் சக்தி முழுவதும் போய் மோதுவது, ஏற்கெனவே எல்லையில் நின்ற அதே கியர்பாக்ஸில்தான்.

சக்தி என்றதும் இன்னொரு குழப்பம். எஞ்சின் குதிரைத்திறன், பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றப் பின்னால் உள்ள ஷாஃப்ட்) குதிரைத்திறன், டிராபார் (கருவிகளை இழுக்கும் பின் கம்பி) குதிரைத்திறன் மூன்றும் வேறு வேறு. விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டுவருகிறது. இன்டர்நேஷனல் 1206 பி.டி.ஓ.வில் சுமார் 112, ஆலிஸ் சால்மர்ஸ் டி21 சுமார் 103, ஜான் டியர் 5020 சுமார் 133 என்று அங்கே பதிவாகியிருக்கிறது. ஒப்பிட அந்த அறிக்கைகள் போதும்.

அபூர்வமான வண்டி என்பதற்காகவே வாங்குவதும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. வி8 எஞ்சின் பூட்டிய இன்டர்நேஷனல் 1468, மாசி ஃபெர்குசன் 1150 போன்றவற்றின் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் அவற்றின் எஞ்சின் பாகங்கள், அதே கம்பெனியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பாகங்களைப் போலச் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆலிவர் 1950இல் இருக்கும் டெட்ராய்ட் எஞ்சின் டூ ஸ்ட்ரோக். மற்ற டீசல்களுக்கு ஊற்றும் மல்டிகிரேடு ஆயில் அதற்கு ஆகாது, 40 நம்பர் ஒற்றைக் கிரேடு வேண்டும். இதெல்லாம் தெரியாத முந்தைய உரிமையாளர் எதை ஊற்றி ஓட்டினார் என்பதே அந்த எஞ்சினின் ஆயுளைத் தீர்மானித்திருக்கும். முதல் பெரிய வண்டி என்றால் 1963 முதல் 1972 வரை பெருமளவில் தயாரான 4020 போன்ற ஒன்றையே நான் சொல்வேன். அது நூறைத் தொடாது, தொண்ணூற்றுச் சொச்சம்தான். ஆனால் புதிய சீல், லைனர், பம்ப் கிட் இன்றும் தயாராகிறது. சர்வீஸ் புத்தகம் கிடைக்கிறது. சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை நம்பாதீர்கள். கேபிள் அறுந்து, மீட்டர் மாறி, பல ஆண்டுகள் எண்ணாமலே ஓடியிருக்கும். கிளட்ச் பெடலின் தேய்மானமும், டிராபார் துளை நீள்வட்டமாகியிருப்பதும் உண்மையான உழைப்பைச் சொல்லிவிடும். புது பெயிண்ட்டும் அப்படியே. விரிசலுக்கு மேல் அடித்த பெயிண்ட்டை விட நேர்மையான துரு மேல்.

டயர் செலவைக் கடைசியில் நினைப்பவர்கள் அதிகம். 18.4-38 அளவில் பின் டயர் ஒரு ஜோடி, சில வண்டிகளுக்கு வாங்கும் விலையில் பாதியை எட்டிவிடும். டபுள் வீல் என்றால் நான்கு. எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால், வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் அரித்திருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். டயரை மாற்றும்போதுதான் ரிம்மும் போய்விட்டது தெரிந்தால் கணக்கு மொத்தமும் புரளும்.

இடத்தையும் முன்பே அளந்துவிடுங்கள். ஷெட்டின் கதவு உயரம், தரை தாங்கும் எடை, ஹாய்ஸ்ட்டின் திறன், ஏற்றிவரும் லாரியின் கொள்ளளவு. ஒரு பின் சக்கரம், ரிம்மும் வார்ப்பு எடைக்கட்டிகளும் உள்ளே திரவமுமாகச் சேர்ந்தால் பல நூறு கிலோ. அதைத் தனியாளாகக் கழற்ற முனையவே கூடாது. வண்டியைப் பிரிப்பதற்கென்றே உள்ள ஸ்டாண்டுகள் இல்லாமல், ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்து இந்த அளவு வண்டியைத் திறப்பது உயிரோடு விளையாடுவது.

விலை பேசும்போதே கேட்டுப் பார்க்க வேண்டிய பாகம் ஒன்று உண்டு: கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் பார். 60களின் வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. அந்த மாடலுக்கென்றே தயாரான, சோதிக்கப்பட்ட சட்டம் கிடைக்கிறதா என்று விசாரித்து, சீட் பெல்ட்டோடு அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். பட்டறையில் குழாய் வளைத்து வெல்டிங் செய்தது அதற்கு ஈடாகாது. கூடவே, ஸ்டார்ட்டர் டெர்மினல்களை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து வண்டியைக் கிளப்பிக் காட்டுகிறார் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கியரில் இருக்கும் வண்டி அப்படிக் கிளம்பினால், பக்கத்தில் நிற்பவர் மேல் பின் சக்கரம் ஏறிவிடும். நியூட்ரல் ஸ்விட்ச்சும் சாவியும் சரியாக வேலை செய்த பிறகே மற்ற சோதனைகளைத் தொடருங்கள்.