லெம்பெர்கர்: இனிப்பில்லாத ஜெர்மன் சிவப்பு ஒயின், முதல் பாட்டில் முதல் சாப்பாடு வரை

ஜெர்மன் ஒயின் என்றதும் வெள்ளை ரீஸ்லிங்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஷ்டுட்கார்ட், ஹைல்பிரோன் இருக்கும் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் சிவப்புக்குத்தான் மவுசு. நெக்கர் ஆற்றோரச் சரிவுகளில் விளையும் லெம்பெர்கர் அந்த ஊர்க்காரர்களின் செல்லம். இதே திராட்சைக்கு ஆஸ்திரியாவில் பிளவ்ஃப்ரான்கிஷ் என்று பெயர். புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: லேபிளில் 'ட்ரோக்கன்' (இனிப்பில்லாதது) இருக்கிறதா பாருங்கள்

நான் முதலில் வாங்கிய பாட்டிலில் 'லீப்லிஷ்' என்று இருந்தது. அகராதியைப் பார்த்தேன், 'இனிமையான' என்று போட்டிருந்தது. நல்ல சொல்லாயிற்றே என்று எடுத்து வந்துவிட்டேன். கறியோடு குடித்தபோதுதான் தெரிந்தது, அந்த இனிமை நிஜமாகவே சர்க்கரை. ட்ரோக்கனில் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான். ஹால்ப்ட்ரோக்கனில் (பாதி ட்ரோக்கன்) 18 வரை போகலாம், லீப்லிஷில் 45 வரை.

படி 2: அரை மணி நேரம் ஃபிரிட்ஜில்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஹீட்டர் இல்லாத காலத்துப் பேச்சு. 22 டிகிரி அறையில் வைத்த ஒயினில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். 16 டிகிரி போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்றி முகர இடம் வேண்டும்.

படி 3: முதல் வாய், வெறுமனே

செர்ரி, பிளாக்பெர்ரி, கொஞ்சம் மிளகு வாசனை வரும். விழுங்கியதும் ஈறு இறுகும். பாக்கு மென்ற பிறகு வாயில் நிற்குமே, அந்தத் துவர்ப்புதான். இதைத்தான் டானின் என்கிறார்கள். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு வறள்கிறது.

படி 4: இப்போது கறி

அந்த ஊரில் இதற்கு ஜோடி ட்ஸ்வீபல்ரோஸ்ட்பிராட்டன்: வாணலியில் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, மேலே முறுகலாகப் பொரித்த வெங்காயம், பழுப்புக் குழம்பு, பக்கத்தில் ஷ்பெட்ஸ்லெ என்னும் முட்டை மாவு நூடுல்ஸ். கறியை எடுத்த பிறகு வாணலியில் அதே ஒயின் 100 மில்லி ஊற்றி, அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிக் கொதிக்கவிடுங்கள். குழம்புக்கு அதுவே ஆதாரம். இப்போது ஒரு துண்டு கறி, ஒரு வாய் ஒயின். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினுக்கு ஈடு கொடுப்பதால் துவர்ப்பு அடங்கும், அதுவரை பின்னால் நின்ற செர்ரி முன்னுக்கு வரும். வெங்காயத்தின் கருகிய இனிப்புக்கு ஒயினின் புளிப்பு சரியான பதில்.

சைவமா? ஷ்பெட்ஸ்லெயில் மலைப் பாலாடைக்கட்டியை உருக்கிச் சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லெ இருக்கிறது. அதற்கு லெம்பெர்கரைவிட அதே பகுதியின் மெலிதான ட்ரோலிங்கர் ஒத்துப்போகும் என்பது என் கட்சி. வாத்து, காளான் என்றால் பாடன் பகுதியின் ஷ்பேட்புர்குண்டர், அதாவது பினோ நுவார் என்னும் சிவப்பு ஒயின்.

சேராதவை: மத்தி மாதிரி எண்ணெய் மீனோடு குடித்தால் உலோக வாடை அடிக்கும். மிளகாய்க் காரத்தை டானினும் ஆல்கஹாலும் இன்னும் தூக்கிவிடும். இனிப்புப் பண்டம் பக்கத்தில் இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும்.

மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு அது குழம்புக்கு.