நினைவுகளை எழுதத் தொடங்குவோருக்கு

பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும், பனியன் கம்பெனியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவரும், தறிக்கூடத்திலேயே வயதைக் கழித்தவரும் ஒருமுறையாவது சொல்வது, "என் கதையை எழுதினால் ஒரு புத்தகமே ஆகும்" என்பது. ஆனால் எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் பிறந்த ஊர், கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வம், படித்த பள்ளிக்கூடம் என்று வரிசையாக எழுதிப் பத்தாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். பிறப்பு முதல் இன்றுவரை அனைத்தையும் சொல்வது தன்வரலாறு. நினைவுக்குறிப்போ வாழ்க்கையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று விளங்காத ஒன்றை இன்றைய அறிவோடு திரும்பிப் பார்ப்பது. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டு, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது சிறுவனாக இருந்த ஒருவர், தம் வாழ்க்கை முழுவதையும் எழுத வேண்டியதில்லை. சோளமும் கம்பும் விளைந்த மேட்டுக்காட்டில் நெல் நட்ட அந்தச் சில ஆண்டுகளில், வீட்டுக்குள் யார் குரல் ஓங்கியது, யார் குரல் அடங்கியது என்பதை மட்டும் எழுதினாலே ஒரு நூலுக்குப் போதும்.

எதை எழுதுவது என்று முடிவு செய்தபின், முதல் வரியைத் தேடிக்கொண்டிருக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் அந்த இடத்தை வரைந்து பாருங்கள். சாளை என்கிற தோட்டத்து வீடாக இருந்தாலும் மில் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடாக இருந்தாலும், கிணறு எங்கே, அடுப்பு எங்கே, அப்பாறு என்கிற தாத்தா கட்டில் போட்டுப் படுத்த இடம் எங்கே என்று குறித்துக்கொண்டே வரும்போது, மறந்துபோனதாக நினைத்த ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து நிற்பார்கள். அவர்களுள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கலாம்.

புதிதாக எழுதுபவர்களின் பக்கங்களில் அடைமொழிகள் மிகுந்திருக்கும். "எங்கள் அப்பாறு மிகவும் கண்டிப்பானவர், மாடுகள் மேல் உயிரையே வைத்திருந்தார்" என்று எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு யாரும் தெரிவதில்லை. அதையே இப்படி எழுதலாம்: "வெளியூர் போய்த் திரும்பினால், செருப்பைக் கழற்றும் முன் அப்பாறு மாடு கட்டும் கட்டுத்தரையைத்தான் எட்டிப் பார்ப்பார். தாழியில் தண்ணீர் குறைந்திருந்தால் எங்களில் யாரையும் கூப்பிட மாட்டார். எருமையைத் தடவிக்கொடுத்தபடி, 'உனக்கு ஆருமே இல்லீங்களா சாமி?' என்று வீட்டுக்குள் கேட்கும்படி உரக்கக் கேட்பார்." கண்டிப்பு என்ற சொல்லே இல்லாமல் கண்டிப்பும் பாசமும் குத்தலும் இதில் வந்துவிடுகின்றன. பேச்சைக் கொங்குத் தமிழில் விட்டுவிட்டு, கதையைச் சொல்லும் பகுதியை எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்வது தொடக்கநிலையில் எளிது. எல்லா வரியிலும் 'ங்க' சேர்த்தால் அது பேச்சாகாமல் வேடமாகிவிடும்.

நினைவு, உணர்ச்சியைக் காப்பாற்றும் அளவுக்கு ஆண்டுகளைக் காப்பாற்றுவதில்லை. தாராபுரத்தில் 1960இல் பிறந்தவர் ஊரைவிட்டு நகராமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்; 1979 வரை கோயமுத்தூர், அதன்பின் பிற்காலத்தில் ஈரோடு என்று பெயர் மாறிய பெரியார் மாவட்டம், 2009 முதல் திருப்பூர். எனவே பழைய கடிதத்திலோ சான்றிதழிலோ உள்ள மாவட்டத்தின் பெயரே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய சந்தைக் காட்சியில் அணாக் கணக்குத்தான் வர வேண்டும். ஆண்டு தெரியாத பெரியவரிடம், மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் கோவையில் மாட்டு வண்டிகளை நிறுத்திய 1972க்கு முன்பா பின்பா என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஆவணங்களில் நான் முதலில் தேடச் சொல்வது, பத்திரத்தையும் ஜாதகத்தையும் விட, மொய் நோட்டை. கல்யாணத்தன்று பந்தலில் உட்கார்ந்து யாரோ ஒருவர் அவசர அவசரமாக எழுதிய அந்த நோட்டில், உறவினர் வந்த ஊர்கள், வைத்த தொகை, சிலருடைய தொழில்கூட இருக்கும். அக்காவின் கல்யாணத்து நோட்டையும் தம்பியின் கல்யாணத்து நோட்டையும் அருகருகே வைத்துப் படித்தால், முதலாவதில் இருந்த ஒரு பங்காளியின் பெயர் இரண்டாவதில் இல்லை என்பது தெரியவரும். ஏன் இல்லை என்று விசாரிக்கப் புறப்படுபவருக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நிலமுள்ள குடும்பங்களிலிருந்து வரும் நினைவுக்குறிப்புகளில் கிணறு வரும், தென்னந்தோப்பு வரும். கிணறு வெட்டியவர்களும் பண்ணையத்தில் வேலை செய்தவர்களும் பெயரில்லாத ஆட்களாக வந்து போவார்கள். யார் எதுவரை வரலாம், யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதைச் சிறுவயதில் பார்த்தவர், பார்த்தபடியே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதும் பசுமையான கிராமத்தை நான் நம்புவதில்லை.

பாகப்பிரிவினை, கடன், ஓடிப்போன கல்யாணம் போன்றவற்றை எழுதும்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் மாற்றலாம்; மாற்றியிருப்பதை முன்னுரையில் சொல்லிவிட வேண்டும். முதல் வரைவில் எதையும் மறைக்காமல் எழுதிவிட்டு, எதை வெளியிடுவது என்பதைப் பின்னர் முடிவு செய்வதே நல்லது. சித்தப்பா படித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொண்டே எழுதினால் சித்தப்பாவுக்குப் பிடித்த புத்தகம்தான் வரும்.

வாரத்துக்கு ஒரு காட்சி என்ற அளவு போதுமானது. உ.வே. சாமிநாதையர் 85 வயதை நெருங்கிய நிலையில், 1940இல், 'என் சரித்திரம்' நூலை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முடிவு பெறாமல் நின்றது. ஆயினும் இன்றும் படிக்கப்படுகிறது.

ஐந்தாறு காட்சிகள் சேர்ந்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து இருவரிடம் கொடுங்கள். ஒருவர் அந்த நாள்களை உடனிருந்து பார்த்த அத்தையோ மாமனோ. "அன்னிக்கு அப்படி இல்லையே" என்று அவர் மறுக்கும் இடங்களில், உங்கள் நினைவையும் அவர் நினைவையும் சேர்த்தே எழுதலாம். இன்னொருவர் கொங்கு நாட்டைச் சாராதவர். கட்டுத்தரை, வட்டல் (சாப்பிடும் தட்டு), சாளை போன்ற சொற்களில் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அடிக்குறிப்புப் போடாமல், அந்தப் பொருள் வாக்கியத்திலேயே விளங்கும்படி திருத்தி எழுதுங்கள்.