லேசர் நிறைமானியில் அயனி உருவாவது எப்படி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"லேசர் கதிர் புரதத்தின் மீது படுகிறது, ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது, புரதம் அயனியாகிறது." மால்டி (துணைப்பொருளோடு கலந்த மாதிரியை லேசரால் ஆவியாக்கி, அயனியாக்கி, நிறையை அளக்கும்) முறையைப் பற்றிக் கேட்டால் பல மாணவர்கள் சொல்லும் பதில் இது. இந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால், நிறமாலையை, அதாவது எந்த நிறையில் எவ்வளவு அயனி வந்தது என்று காட்டும் வரைபடத்தை, படிக்கும்போது அடுக்கடுக்காகப் பிழைகள் வரும். அதனால்தான் இதை முதலில் களைய விரும்புகிறேன்.

லேசரை விழுங்குவது புரதம் அல்ல, அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அதனோடு கலந்து படிகமாக்கப்பட்டிருக்கும் துணைப்பொருளான மேட்ரிக்ஸ். சிறு கணக்கு ஒன்று போடுவோம். 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசரின் ஒரு ஃபோட்டானுக்கு 3.68 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. டைஹைட்ராக்சிபென்சாயிக் அமிலம் என்ற மேட்ரிக்ஸின் தனி மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானை எடுக்க ஏறத்தாழ 8 வேண்டும். இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்தாலும் 7.36தான், போதாது. 2.94 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு லேசரிலோ ஒரு ஃபோட்டானுக்கு வெறும் 0.42. ஆனாலும் அதிலும் புரத அயனிகள் கிடைக்கின்றன! ஆக, ஒளி மட்டுமே அயனியை உண்டாக்குவதில்லை. மேட்ரிக்ஸ் சூடாகி வெடித்துக் கிளம்பும் அடர்ந்த வாயுத்திரளில் நடக்கும் புரோட்டான் பரிமாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புரதம் பெரும்பாலும் எலெக்ட்ரானை இழப்பதில்லை. ஒரு புரோட்டானைப் பெறுகிறது.

அடுத்த தவறு, ஒரே கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு வாதிடுவது. படிகத்துக்குள்ளேயே மின்னூட்டத்தோடு இருந்த மூலக்கூறுகளில் நடுநிலையாகாமல் தப்பியவையே நமக்குத் தெரிகின்றன என்று ஒரு பார்வை உண்டு. வாயுத்திரளில் புதிதாகப் புரோட்டான் ஏறுகிறது என்று மற்றொன்று. முதல் பார்வையை முன்வைத்த ஆய்வாளர் கராஸ், 2011இல் யஸ்கோல்லா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இரண்டு வழிகளும் இயங்குவதற்குச் சான்று காட்டினார். மேட்ரிக்ஸையும் லேசர் ஆற்றலையும் பொறுத்து எது ஓங்குகிறது என்பது மாறும்.

சிக்னல் குறைந்தால் லேசரைக் கூட்டுவது எல்லாருக்கும் வரும் கைப்பழக்கம். ஒரு வாசல் அளவுக்குக் கீழே எதுவும் கிடைக்காது. அதைத் தாண்டியதும் அயனிகள் மளமளவென்று பெருகும். இன்னும் கூட்டினால் நிறமாலையின் பீக் (முகடு) அகலமாகும், மூலக்கூறு சிதறும், மேட்ரிக்ஸ் கொத்துகள் சிறு நிறைப் பகுதியை அடைத்துக்கொள்ளும். சிக்னல் மறையும்வரை குறைத்துவிட்டு, அங்கிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

ஆஞ்சியோடென்சின் 2 என்ற பெப்டைடை (குட்டையான அமினோ அமிலச் சங்கிலியை) எடுத்துக்கொள்வோம். நிறை-மின்னூட்ட விகிதம் 1046.5இல் புரோட்டான் ஏறிய அயனி தெரிகிறது. பக்கத்தில் 1068.5இலும் 1084.5இலும் இரண்டு குட்டிப் பீக்குகள். புதிய பெப்டைடு கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். முதலாவதில் புரோட்டானின் இடத்தில் சோடியம், அடுத்ததில் பொட்டாசியம். 22, 38 என்ற இந்த வித்தியாசங்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் குப்பியிலிருந்தோ தாங்கல் கரைசலிலிருந்தோ உப்பு வந்திருக்கும்.

பீக் உயரத்தைப் பார்த்து அளவைச் சொல்வதும் தவறு. வெளியேறும் மூலக்கூறுகளில் மிகப் பெரும்பாலானவை மின்னூட்டமே இல்லாதவை. கிடைக்கும் கொஞ்சம் மின்னூட்டத்துக்குப் போட்டி கடுமை. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் உள்ள பெப்டைடு புரோட்டானை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாத பெப்டைடு அதே அளவில் இருந்தாலும் மங்கித் தெரியும்.

பாலிஸ்டைரீன் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக்) மாதிரியில் ஒன்றுமே தெரியவில்லை என்று லேசரைக் கூட்டிக்கொண்டே போவதும் இதே குழப்பத்தின் விளைவுதான். அந்தச் சங்கிலியில் புரோட்டானைப் பிடிக்கத்தக்க இடமே இல்லை. கொஞ்சம் வெள்ளி டிரைஃபுளோரோஅசிடேட்டைக் கலந்து பாருங்கள்: பென்சீன் வளையங்கள் வெள்ளி அயனியைப் பற்றிக்கொள்ளும், 104 டால்டன் (அணுநிறை அலகு) இடைவெளியில் பீக்குகள் வரிசையாக எழும். அப்போது கணக்கிடும் நிறையிலிருந்து வெள்ளியின் நிறையைக் கழிக்க மறந்துவிடாதீர்கள். அதற்கு 107, 109 என இரண்டு ஐசோடோப்புகள் ஏறக்குறையச் சம அளவில் உண்டு.