தேர்தலில் ‘வெளிநாட்டுச் சதி’ என்று வரும் தகவலைச் சோதிப்பது எப்படி?

முதலில் குற்றச்சாட்டைப் பிரியுங்கள். பொய்ப் பிரச்சாரம், கணினிக்குள் ஊடுருவல், வாக்கு எண்ணிக்கையை மாற்றுதல் மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்கான ஆதாரம் மற்றதற்கு ஆகாது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

வீடியோ என்றால் நாலைந்து இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படங்களை வைத்து இணையத்தில் தேடுங்கள். பழைய காட்சி என்றால் பெரும்பாலும் அதிலேயே சிக்கிவிடும். பிறகு காட்சியில் உள்ள பொருள்களைப் பாருங்கள். 2024 அக்டோபரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பக்ஸ் கவுன்டியில் தபால் வாக்குகளைக் கிழிப்பதாக ஒரு வீடியோ பரவியது. உறையும் தாள்களும் தங்களுடையவை அல்ல என்று உள்ளூர்த் தேர்தல் வாரியம் மறுத்தது. அது ரஷ்யத் தரப்பின் தயாரிப்பு என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ உள்ளிட்ட அமைப்புகள் மறுநாள் அறிவித்தன. அதாவது வாக்குகளைக் கிழித்தது பொய், வெளிநாட்டுத் தலையீடு நிஜம். நீங்கள் எழுதும் மறுப்பில் இரண்டையும் எழுதியாக வேண்டும்.

ஐபி முகவரியை (இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) மட்டும் நம்பி, சதி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்லாதீர்கள். இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டால், அந்த எண் வேறு நாட்டைக் காட்டலாம்.

மறுப்பின் தலைப்பிலேயே உண்மை வரட்டும். பொய்யை ஒரே முறை சொன்னால் போதும். அசல் பதிவுக்கு லிங்க் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டின் நடுவில் குறுக்காகப் ‘பொய்’ என்று போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிட்டுப் பரப்புவார்கள். ஆதாரம் எந்தப் பக்கமும் இல்லையென்றால் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.