விரவல் குணகம் அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்கு ஈரோட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வரும் மாணவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது திருகு அளவி, தராசு பிறகுதான். ஈரம் ஏறிய நைலான் படலத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டு, வெளியேறிய ஈரத்தை மொத்த ஈரத்தால் வகுத்து, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் தொடக்கத்தில் நேர்கோடு கிடைக்கும். சாய்வின் வர்க்கத்தைத் தடிமனின் வர்க்கத்தாலும் பை (π) மதிப்பாலும் பெருக்கி 16-ஆல் வகுத்தால் விரவல் குணகம், அதாவது ஈரம் படலத்துக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு. தடிமன் வர்க்கமாக வருவதால், அதில் 5 சதவீதப் பிழை விடையில் 10 சதவீதமாகிவிடும். பத்து இடங்களிலாவது அளவெடுங்கள்.

இந்தச் சூத்திரம் இரு பக்கமும் திறந்த படலத்துக்கானது. கண்ணாடியில் ஒட்டிய படலத்துக்கு அப்படியே போட்டால் உண்மை மதிப்பில் கால் பங்குதான் கிடைக்கும். நேர்கோடும் சுமார் 60 சதவீத ஈரம் வெளியேறும் வரைதான்.

எனக்கு அதிகக் கவலை தருவது மேற்பரப்பு. காற்று அசையாமல் நின்றால், உள்ளிருந்து வந்த நீர் படலத்தை ஒட்டியே தேங்கும். தராசு காட்டும் வேகத்தில் காற்றின் தடையும் கலந்துவிடும். வரைபடத்தின் தொடக்கம் எஸ் எழுத்தைப் போல வளைவது இதன் அடையாளம். தடை சிறிதானால் அந்த வளைவு கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே இரண்டு தடிமன்களில் சோதனை செய்து, நேரத்தின் வர்க்கமூலத்தைத் தடிமனால் வகுத்து, இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொல்கிறேன். விரவல் மட்டுமே நடந்திருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும். விலகினால் காற்றோட்டத்தைக் கூட்டி மறுபடியும் தொடங்க வேண்டும். நாள்கள் கூடும், கூடட்டும்.

ஒரு ஜூன் மாலை மழை பிடித்ததும், உலர்ந்துகொண்டிருந்த என் படலத்தின் எடை ஏறத் தொடங்கியது. கலனின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. காற்றை உலர்த்த உள்ளே வைத்த சிலிக்கா ஜெல்லின் நீலம், ஈரம் ஏறி இளஞ்சிவப்பாகியிருந்தது. ஒரு வாரத் தரவு வீணானது. பொறுமையிழந்து முன்பே நிறுத்துவதும் ஆபத்து: மொத்த ஈரம் குறைவாகக் கணக்காகி, குணகம் பெருத்துவிடும்.

வெப்பநிலை ஒரு டிகிரி நகர்ந்தாலே குணகம் சில சதவீதம் நகரும்.

நைலானில் ஈரம் கூடக் கூட விரவலும் வேகமாகும். அதனால் ஈரம் ஏறும்போது கிடைக்கும் மதிப்பைவிட, இறங்கும்போது கிடைப்பது குறைவாகவே வரும். இதைப் பிழையென்று எண்ணி ஒன்றை மறைத்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதி, சராசரியையும் அது எந்த ஈர வரம்புக்கு உரியது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.