செய்தியைப் பகிருங்கள், கட்டுரையை அப்படியே தூக்காதீர்கள்

காலை ஆறு மணிக்கெல்லாம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய நாளிதழ்களின் பிடிஎஃப் வந்து விழுந்துவிடும். நாலைந்து பேப்பர், முழுசாக. அனுப்புகிற அண்ணன் நல்ல மனிதர். பேப்பர் வாங்க முடியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறார். ஆனாலும் அது சட்டப்படி தவறு. 2020 ஊரடங்கில் இப்படி இ-பேப்பர்கள் டெலிகிராம் சேனல்களில் பரவியபோது, தைனிக் ஜாக்ரன் என்ற இந்தி நாளிதழை நடத்தும் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சேனல்களை அகற்றச் சொன்ன நீதிமன்றம், அவற்றை நடத்துகிறவர்கள் யார் என்ற விவரத்தையும் தரும்படி மே மாதம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

இதை நான் அக்கறையோடு எழுதக் காரணம் இருக்கிறது. மாவட்டச் செய்தியாளனாகச் சில வருடம் இருந்தவன் நான். ஒரு கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி எழுத இரண்டு வாரம் வெயிலில் அலைந்தேன். கட்டுரை வந்த மறுநாள், அது ஒரு வரி குறையாமல் ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு எனக்கே வந்து சேர்ந்தது. என் பெயர் இல்லை, பத்திரிகையின் பெயரும் இல்லை.

சரி, பெயர் போட்டிருந்தால் போதுமா? பலரும் செய்யும் முதல் தவறே இந்த எண்ணம்தான். ‘நன்றி’ என்று போட்டு முழுக் கட்டுரையையும் ஒட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறோம். நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. பெயரைப் போடுவது மரியாதை, அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அதனால் மட்டும் நகலெடுக்கும் உரிமை வந்துவிடாது.

“செய்திக்கு ஏதுங்க உரிமை?” என்று கேட்பவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. கருத்துக்கும் வரலாற்றுத் தகவலுக்கும் பதிப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. வைகை அணை 66 அடியைத் தொட்டது, முதல் வெள்ள எச்சரிக்கை விடப்பட்டது என்றால், அதை நீங்களும் நானும் தாராளமாக எழுதலாம். ஆனால் கரையோர விவசாயிகளைப் பார்த்துப் பேசி ஒருவர் எழுதிய வாக்கியங்கள் அவருடைய உழைப்பு. தகவலை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். அங்கங்கே நாலு சொல்லை மட்டும் மாற்றி வைப்பது சொந்த வார்த்தை ஆகாது.

அடுத்தது, யூடியூப்பில் தினமும் பார்ப்பது. தமிழில் தமிழருக்காக எடுத்த வீடியோ. கீழே, ‘1976 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 107-ன் கீழ் நியாயமான பயன்பாடு’ என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி. அது அமெரிக்கச் சட்டம். என்ன நோக்கம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தார்கள், அசலின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று நான்கு விஷயங்களை அங்கே நீதிமன்றம் எடைபோடும். நம்முடையது 1957-ம் ஆண்டுச் சட்டம், பிரிவு 52. எந்தெந்த நோக்கங்களுக்கு என்று அதுவே பட்டியல் போடுகிறது: சொந்தப் படிப்பும் ஆராய்ச்சியும், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்திகளைத் தெரிவித்தல். அதற்குள்ளும் கையாளும் விதம் நியாயமாக இருக்க வேண்டும். எந்தச் சட்டமானாலும், அந்தப் பத்தியை ஒட்டியதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. உரிமையாளர் புகார் கொடுத்து 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக், அதாவது யூடியூப் தரும் பதிப்புரிமை எச்சரிக்கை, விழுந்தால் சேனலே போய்விடும்.

எத்தனை சொல் எடுக்கலாம் என்று கேட்பார்கள். பத்து சதவீதம், முந்நூறு சொல் என்றெல்லாம் ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. அப்படி ஒரு எண் நம் சட்டத்தில் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. முன்னாள் அமெரிக்க அதிபர் ஃபோர்டின் நினைவுக் குறிப்பு வெளிவருவதற்கு முன்பே, அதிலிருந்து சுமார் 300 சொற்களை எடுத்து ‘தி நேஷன்’ இதழ் 1979-ல் கட்டுரை வெளியிட்டது. ஒரு முழுப் புத்தகத்தில் 300 சொல் ஒரு மூலைக்குக் கூடக் காணாது. ஆனால் தனக்கு முன் அதிபராக இருந்த நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்பு வழங்கிய கதைதான் அந்தப் புத்தகத்தின் உயிர், எடுத்தது அதைத்தான். முன்கூட்டியே வெளியிடக் காசு பேசியிருந்த ‘டைம்’ இதழ் மீதிப் பணத்தைக் கொடுக்காமல் விலகிக்கொண்டது. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது நியாயமான பயன்பாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. நீங்கள் எடுத்த பகுதியைப் படித்தவருக்கு அசலைத் தேடிப் போகும் தேவை இருக்குமா? அளவைவிட அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

முழுக் கட்டுரையையும் போட்டு, கீழே நாலு வரி கருத்து எழுதினால் விமர்சனம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ரீ ரிபப்ளிக் என்ற தளத்தில் வாசகர்கள் அதைத்தான் செய்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் 1998-ல் வழக்குப் போட்டன, தளத்தின் வாதம் எடுபடவில்லை. விமர்சிக்கப் போகும் வரிகளை மட்டும் எடுங்கள். எடுத்ததைவிட உங்கள் எழுத்து கூடுதலாக இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பில் நாம் ரொம்பவே வழுக்குகிறோம். ஆங்கிலத்தில் வந்த ஒரு நல்ல கட்டுரையை முழுசாகத் தமிழாக்கி முகநூலில் போட்டால், “தமிழுக்குச் செய்த தொண்டு” என்று பாராட்டும் கிடைக்கும். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருடையதுதான், நம் சட்டத்தின் 14-ம் பிரிவிலேயே அது இருக்கிறது. அனுமதி கேட்காமல் செய்யலாம் என்றால், கட்டுரையின் சாரத்தை உங்கள் நடையில் சுருக்கமாகச் சொல்லி லிங்க் கொடுப்பதுதான்.

படங்களுக்கும் இதே கதைதான். கூகுளில் கிடைத்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகாது. ‘நன்றி: இணையம்’ என்று போடுவதில் யாருக்குமே நன்றி இல்லை.

“நான் காசு பார்க்கவில்லையே” என்பதும் முழுக் கேடயம் ஆகாது. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது பிரிவு 63. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

தாராளமாக எடுக்கக் கூடியவையும் இருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்புகளை, நீதிமன்றமே தடுத்திருந்தால் தவிர, அப்படியே போடலாம். அரசிதழில் வரும் அறிவிப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான். பத்திரிகை எழுதிய தீர்ப்புச் சுருக்கத்தைவிட மூலத் தீர்ப்பைப் பகிர்வது வாசகருக்கும் நல்லது.

முழுக் கட்டுரைதான் வேண்டும் என்றால் கேட்டுவிடுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் செய்தியாளர் எழுதியதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துடையது. ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் என்றால் உரிமை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். என் கண்மாய்க் கட்டுரையை ஒரு பள்ளி ஆசிரியர் முறையாகக் கேட்டு வாங்கி, மாணவர்களுக்கு அச்சடித்துக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் அனுமதி கொடுக்க ஒரு நாள்கூட ஆகவில்லை.