டேபிள்டாப் ஆர்பிஜி பாஷை: புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு, டைஸ் உருட்டி ஆடுற கதை ஆட்டம், சுருக்கமா ஆர்பிஜி) ஆட வர்ற புது ஆளுங்க, நாங்க எல்லாம் விழுந்த அதே பள்ளத்துலயே வரிசையா வந்து விழுறாங்க. எச்பின்னா ஹிட் பாயின்ட் (எவ்ளோ அடி தாங்கும்னு கணக்கு), என்பிசின்னா டிஎம் (ஆட்டத்த நடத்துற டன்ஜன் மாஸ்டர்) பேசுற கேரக்டருங்க, இதெல்லாம் ஒரு செஷன் உக்காந்தா தானா வந்துடும், அத விடுங்க. தெரிஞ்ச வார்த்தை மாதிரியே இருந்துட்டு கழுத்தறுக்குது பாருங்க, அதுங்கதான் டேஞ்சர்.

"லெவல்"னு மொட்டையா சொல்றது

இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் கடுப்பாகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது டி அண்ட் டி ஆட்டத்தோட அஞ்சாவது எடிஷன்ல கேரக்டருக்கும் லெவல் இருக்கு, ஸ்பெல்லுக்கும் (மந்திரம்) லெவல் இருக்கு, ரெண்டும் வேற வேற கணக்கு. ஃபயர்பால் மூணாம் லெவல் ஸ்பெல், ஆனா விஸார்டுக்கு (மந்திரவாதி) அது கிடைக்கிறது அஞ்சாம் லெவல்ல.

எங்க டேபிளுக்கு மூணாம் லெவல் விஸார்டோட வந்த ஒரு தம்பி, ஷீட்ட கையால எழுதுனப்ப ஃபயர்பாலையும் சேத்து எழுதிட்டாப்ல, டிஎம்மும் பாக்கல. அத நம்பி எங்க ரோக் (திருட்டு வேல பாக்குற கேரக்டர்) உள்ள போய் மொத்த காப்ளின் (குட்டி அரக்கனுங்க) கூட்டத்தையும் உசுப்பிவிட்டு ஒரே ரூமுக்கு இழுத்துட்டு வந்துட்டான், ஏன்னா 8டி6 (ஆறு பக்க டைஸ் எட்டு) டேமேஜ், 20 அடி ரேடியஸ், சராசரியா 28 அடிக்கும், ஒரு காப்ளின்கூட மிஞ்சாது. தம்பி "போடுறேன்"னாப்ல. டிஎம் "எந்த ஸ்லாட்டு?"ன்னாரு. "மூணாம் லெவல் ஸ்லாட்டு." ஸ்லாட்டுன்னா எந்த லெவல் ஸ்பெல்ல எத்தன தடவ போடலாம்னு இருக்கிற கோட்டா, மூணாம் லெவல்ல அப்படி ஒண்ணு தம்பிகிட்ட இல்லவே இல்ல, முதல் லெவல்ல நாலு, ரெண்டாம் லெவல்ல ரெண்டு, அவ்ளோதான். அப்புறம் என்ன, கிளெரிக் (பூசாரி கேரக்டர்) செத்தாச்சு, ரோக் செத்தாச்சு, ரீவைண்ட் பண்ணலாமா கூடாதான்னு சண்ட போட்டே மிச்ச செஷனும் போச்சு.

தம்பிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 1978-ல வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி பிளேயர்ஸ் ஹேண்ட்புக்லயே கேரி கைகாக்ஸ் இதப் பத்தி எழுதிருக்காரு, கேரக்டருக்கு ரேங்க், ஸ்பெல்லுக்கு பவர், மான்ஸ்டருக்கு ஆர்டர்னு தனித்தனியா பேர் வைக்க யோசிச்சாங்களாம், ஆனா எல்லாரும் பழகிட்டாங்கன்னு எல்லாத்துக்கும் லெவல்னே விட்டுட்டாங்க, டன்ஜனோட மாடிக்கும் சேத்துதான். பாத்ஃபைண்டர்னு இன்னொரு ஆர்பிஜிகாரங்க 2023 ரீமாஸ்டர்ல ஸ்பெல்லுக்கு மட்டும் ரேங்க்னு மாத்திட்டாங்க. புண்ணியவானுங்க.

மல்டிகிளாஸ் (ஒரே கேரக்டர் விஸார்டு, ஃபைட்டர் மாதிரி ரெண்டு மூணு தொழில் எடுக்கிறது) வந்தா இன்னும் மோசம். ஃபைட்டர் 2, விஸார்டு 3 வச்சிருக்கவர் "நான் லெவல் 5"ன்னு சொன்னா அது பொய் இல்ல, ஃபயர் போல்ட் மாதிரி கேன்ட்ரிப்புக்கு (ஸ்லாட்டே வேண்டாத சின்ன ஸ்பெல்) அந்த 5 தான் கணக்கு, ஆனா ஃபயர்பால் கத்துக்க விஸார்டு லெவல் மட்டும்தான் பாப்பாங்க, அது இன்னும் 3 தான். அதனால வாயத் தொறந்தா கேரக்டர் லெவல், கிளாஸ் லெவல், ஸ்பெல் லெவல்னு முழுசா சொல்லுங்க. விஸார்டு, கிளெரிக் மாதிரி முழு கேஸ்டருக்கு (ஸ்பெல் போடுறதே மெயின் வேலயா இருக்கிறவங்க) ஒரு குறுக்குவழி: ஸ்பெல் லெவல ரெண்டால பெருக்கி ஒண்ணு கழிச்சா எந்த கிளாஸ் லெவல்ல கிடைக்கும்னு வந்துடும்.

டோட்டல் 20-ஐ நாட் 20ன்னு கத்துறது

20 பக்க டைஸ்ல 17, போனஸ் 3, மொத்தம் 20. சந்தோஷம், ஆனா அது நாட் 20 (நேச்சுரல் 20) இல்ல. டைஸ்லயே 20 விழணும். விழுந்தாலும் அஞ்சாவது எடிஷன் புக்குப்படி அட்டாக்லதான் அது கிரிட் (டேமேஜ் டைஸ் ரெண்டு மடங்கு), பூட்டு தொறக்குறதுக்கு 20 போட்டா ஆட்டோமேட்டிக்கா தொறக்காது. உங்க டிஎம் வீட்டு ரூலா தொறக்க விட்டா அது அவர் பெருந்தன்மை.

2டி6-ம் 1டி12-ம் ஒண்ணுன்னு நினைக்கிறது

டிக்கு முன்னாடி இருக்கிறது எத்தன டைஸ், பின்னாடி எத்தன பக்கம். 1டி12-ல 12 விழ பன்னெண்டுல ஒரு சான்ஸ், 2டி6-ல முப்பத்தாறுல ஒண்ணு, ஆனா 2டி6 பெரும்பாலும் 7-ஐ சுத்தியே விழும். கிரேட்சோர்டா (2டி6) கிரேட்ஆக்ஸா (1டி12)ன்னு குழம்புறவங்களுக்கு விஷயமே இதுதான்.

டிஎம்மா ஜிஎம்மா

ஜிஎம்னா கேம் மாஸ்டர், டிஎம் பாக்குற அதே வேலதான். எப்படி வேணா கூப்பிடுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க.

பழைய மாட்யூல்ல ஏசிய அப்படியே எடுக்கிறது

மாட்யூல்னா ரெடிமேட் சாகசக் கதை புக், ஏசின்னா ஆர்மர் கிளாஸ், ஒருத்தர அடிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு சொல்ற நம்பர். 2000-ல டி அண்ட் டி மூணாவது எடிஷன் வர்ற வரைக்கும் ஏசி எவ்ளோ குறைவோ அவ்ளோ நல்லது, இப்ப தலகீழ். ஏசி 2ன்னு பாத்துட்டு "சப்ப ஆளு"ன்னு பாயாதீங்க, அவன் இரும்புச் சட்ட போட்டு கேடயத்தோட நிக்கிறவன். 20-லேர்ந்து கழிச்சுக்கங்க, கிட்டத்தட்ட சரியா வரும், 2ன்னா 18.

டிபிகே

மொத்த பார்ட்டியும் (கூட ஆடுற கேரக்டருங்க எல்லாரும்) காலியானாதான் டிபிகே, டோட்டல் பார்ட்டி கில். உங்க ஆள் மட்டும் செத்தா அதுக்குப் பேரு வேற.